மிஸ்டர் டிப்ஸும் சூயிங்கம் மெல்லும் போலீஸ்காரரும்

நள்ளிரவு தாண்டிய நேரம். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊரின் ரயில் நிலையம். கோட்டும் டையுமாக ஒரு கறுப்பர் தனியாக உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிறார். ஊருக்குள் ஒரு பணக்காரர் தெருவில் செத்துக் கிடக்கிறார். கொலைகாரனைத் தேடிக்கொண்டு வரும் போலீஸ்காரர் சாம் வுட்டுக்கு இந்த மனிதரைப் பார்த்ததுமே தேடல் முடிந்துவிடுகிறது. துப்பாக்கியை நீட்டி, சுவரோரம் திருப்பி நிறுத்தி, பர்ஸை உருவிப் பார்த்தால் உள்ளே பணம். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு கேள்வி கிடையாது.

ஸ்டேஷனில் தலைமை அதிகாரி கில்லெஸ்பி விசாரிக்கிறார். அவருக்கும் சந்தேகம் எதுவும் இல்லை. கறுப்பன் இவ்வளவு சம்பாதிக்க முடியாது, இது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம், எங்கே அடித்தாய்? பிலடெல்ஃபியாவில் சம்பாதித்தேன் என்று பதில் வருகிறது. எப்படி என்று கேட்டால், அவர் தன் அடையாள வில்லையை எடுத்து மேசையில் போடுகிறார். அவரும் போலீஸ்தான். அதுவும் பிலடெல்ஃபியாவில் கொலை வழக்குகளைத் துப்பறிகிறவர். வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட். அந்த 39 சென்ட்டையும் விடாமல் சொல்கிறார். கணக்கில் துல்லியமாக இருக்கிறவன் என்பதோடு, என் கணக்கைக் கேட்க உனக்கு உரிமையில்லை என்ற கோபமும் அந்த 39 சென்ட்டுக்குள் இருக்கிறது.

1967 ஆகஸ்டில் வெளிவந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' இப்படித்தான் தொடங்குகிறது. இயக்கம் நார்மன் ஜூவிசன். விர்ஜில் டிப்ஸாக சிட்னி பாய்ட்டியர், பில் கில்லெஸ்பியாக ராட் ஸ்டைகர். ஏழு பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை, ஐந்தில் விருது: சிறந்த படம், சிறந்த நடிகர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி. சிறந்த நடிகர் என்றால் ஸ்டைகர். பாய்ட்டியர் பெயர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. படத்தை முதன்முறை பார்க்கிறவர்கள் பலரும் தடுக்கி நிற்கிற இடம் இது. எனக்கும் அப்படித்தான். ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, அந்த விடுபடலுக்கான காரணம் படத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்று தோன்றியது. இந்தப் படத்தில் ஒருவர் மாறுகிறார், இன்னொருவர் மாறாமல் நிற்கிறார். மாற்றம் கண்ணுக்குத் தெரியும், நிற்பது தெரியாது.

அதற்கு முன், அந்த 'மிஸ்டர்' விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

விர்ஜில் என்பது கறுப்பனுக்கு வேடிக்கையான பெயராயிற்றே, உங்கள் ஊரில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கில்லெஸ்பி நக்கலாகக் கேட்கிறார் (அவர் சொல்வது கறுப்பன் என்பதைவிட மோசமான சொல்). "என்னை மிஸ்டர் டிப்ஸ் என்று கூப்பிடுவார்கள்" என்கிறார் டிப்ஸ். அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2005இல் வெளியிட்ட நூறு புகழ்பெற்ற வசனங்களின் பட்டியலில் இது 16ஆவது. அந்த வரியைச் சொல்லும்போது பாய்ட்டியரின் குரல் உயர்கிறது, ஆனால் உடைவதில்லை. அழுத்தம் முழுக்க 'மிஸ்டர்' மேல் விழுகிறது.

டேய், தம்பி, நீ, நீங்க, சார். ஒரு ஆளை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறோம் என்பதிலேயே ஊரின் முழு வரைபடமும் இருக்கும் என்பதைத் தமிழில் பேசி வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தெற்கில் அந்த வேலையைச் செய்தது 'பாய்' (boy, பையன்) என்ற சொல். அறுபது வயதுக் கறுப்பரும் வெள்ளைக்காரருக்கு 'பாய்'தான். பெண் என்றால் வெறும் பெயர், மிஸ்ஸும் கிடையாது மிஸஸும் கிடையாது. இது ஏதோ மரியாதைக் குறைவு என்ற அளவில் நின்ற விஷயமல்ல, நீதிமன்றம் வரை போனது. 1963இல் அலபாமா மாநிலம் கேட்ஸ்டன் நகரில், கறுப்பர்களின் சம உரிமைக்காகப் போராடிய குடியுரிமை இயக்கத்தைச் சேர்ந்த மேரி ஹாமில்டன் சாட்சிக் கூண்டில் நின்றபோது அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்று கூப்பிட்டார். 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964இல் அந்தத் தண்டனை ரத்தானது. டிப்ஸ் அந்த வரியைத் திரையில் சொன்னது அதற்கு மூன்று வருடம் கழித்து. அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த கறுப்பு அமெரிக்கர்களுக்கு அது வெறும் பஞ்ச் வசனமாக இருந்திருக்க முடியாது.

கதை ஜான் பால் 1965இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. திரைக்கதை எழுதிய ஸ்டிர்லிங் சிலிஃபன்ட் நிறைய மாற்றினார். நாவலில் டிப்ஸ் கலிஃபோர்னியாவின் பாசடீனாக்காரர், கொலையானவர் ஓர் இசை நடத்துநர். படத்தில் டிப்ஸின் ஊர் பிலடெல்ஃபியா. செத்தவர் அந்த ஊரில் தொழிற்சாலை கட்ட வந்த வடக்கத்திய முதலாளி. இரண்டு மாற்றமும் சும்மா செய்ததல்ல. பிலடெல்ஃபியா என்றதும் கில்லெஸ்பி கேட்கும் அடுத்த கேள்வி, "மிசிசிப்பியா?" அங்கேயும் ஒரு பிலடெல்ஃபியா இருக்கிறது. 1964 ஜூனில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளம் குடியுரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டது அந்த ஊர்ப் பக்கத்தில்தான், அதில் உள்ளூர்ப் போலீஸுக்கும் பங்கிருந்தது. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் அந்தப் பெயர் உச்சரிக்கப்படும்போது அன்றைய பார்வையாளர்களின் முதுகு சில்லிட்டிருக்கும்.

தொழிற்சாலை விஷயம் இன்னும் கெட்டிக்காரத்தனம். டிப்ஸை ஊரில் இருக்க வைப்பது யாருடைய நல்ல மனசும் இல்லை. அந்தக் கறுப்பு அதிகாரிதான் இந்த வழக்கை விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழிற்சாலை வராது என்று செத்தவரின் மனைவி சொல்லிவிடுகிறார். மேயருக்குத் தொழிற்சாலை வேண்டும், அதனால் கில்லெஸ்பிக்கு டிப்ஸ் வேண்டும். ஊர் மனம் திருந்தியெல்லாம் ஒன்றும் இடம் கொடுக்கவில்லை; கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தது. இனவெறியைப் பற்றிய படங்களில் இந்த அளவு யதார்த்தம் அபூர்வம்.

ஜூவிசன் கனடாக்காரர். கடற்படையிலிருந்து வெளியே வந்த பதினெட்டு வயதில் அமெரிக்கத் தெற்கில் லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றியிருக்கிறார். மெம்ஃபிஸில் ஒரு பஸ்ஸில் ஏறி, காற்று வருமே என்று பின்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, அங்கே தொங்கும் பலகையைப் படிக்கத் தெரியாதா என்று கேட்டாராம். பின் இருக்கைகள் கறுப்பர்களுக்கானவை. முன்னால் வந்து உட்காரவும் மனமில்லாமல், அங்கேயே உட்காரவும் வழியில்லாமல் இறங்கிவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தின் விதை அந்தப் பஸ்ஸில் விழுந்தது என்பது அவர் கணக்கு.

சரி, மிசிசிப்பிக் கதையை எங்கே எடுப்பது? தெற்குப் பக்கமே வரமாட்டேன் என்று பாய்ட்டியர் சொல்லிவிட்டார். நட்சத்திரப் பிடிவாதமில்லை அது. 1964 கோடையில் அவரும் நண்பர் ஹாரி பெலஃபாண்ட்டேயும் குடியுரிமைத் தொண்டர்களுக்கு 70,000 டாலர் ரொக்கத்தைப் பையில் எடுத்துக்கொண்டு மிசிசிப்பியின் கிரீன்வுட்டுக்குப் போனார்கள். விமானத் தளத்திலிருந்து புறப்பட்ட காரை கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் லாரியில் துரத்தி முட்டினார்கள். தப்பித்து வந்த மனிதர் அவர். அதனால் படக்குழு இல்லினாய் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற ஊரைப் பிடித்தது. பெயர்ப் பலகைகளை மாற்றும் செலவு வேண்டாம் என்று கதையில் வரும் ஊருக்கும் ஸ்பார்ட்டா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மொத்தப் படத்துக்குச் செலவு சுமார் 20 லட்சம் டாலர். தெற்கத்தியத் தியேட்டர்கள் படத்தைத் தொடாவிட்டாலும் போட்ட பணம் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கில் போட்ட பட்ஜெட் அது. படத்தில் எல்லோரும் வேர்த்து வழிகிறார்களே, எடுத்தது இலையுதிர்காலக் குளிரில். வாயிலிருந்து புகை வந்துவிடக் கூடாதென்று இரவுக் காட்சிகளில் நடிகர்கள் பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு நடித்தார்களாம்.

ஆனால் பருத்திக் காடு இல்லினாயில் இல்லையே. அதற்காக ஜூவிசன் கெஞ்சிக் கேட்டு, டென்னசி மாநிலத்தின் டையர்ஸ்பர்க்குக்குக் குறைந்த நாட்களுக்கு மட்டும் போனார்கள். அந்த இரவுகளில் பாய்ட்டியர் தலையணைக்கு அடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கினார். திரையில் நாம் பார்ப்பது இதுதான்: கில்லெஸ்பி கார் ஓட்டுகிறார், டிப்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், வெளியே வயலில் கறுப்பர்கள் குனிந்து பருத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வசனம் அதிகமில்லை. டிப்ஸின் முகத்தில் இரக்கமா, கோபமா, நல்லவேளை நான் அங்கே இல்லை என்ற நிம்மதியா, எதுவென்று பிடிபடாத ஒன்று. நேரில் அந்த மண்ணுக்கு வந்த பயமும் அதில் கலந்திருக்கலாம்.

அந்தக் கார் போய் நிற்பது எண்டிகாட்டின் மாளிகையில். ஊரின் பெரிய தோட்ட முதலாளி. வயதானவர், நாகரிகமானவர், ஆர்க்கிட் வளர்க்கிறவர். கண்ணாடிக் குடிலுக்குள் விருந்தினரை மரியாதையாக வரவேற்கிறார், டிப்ஸையும்தான். எந்த ஆர்க்கிட் பிடிக்கும் என்று கேட்கிறார். மரத்தில் ஒட்டி வளரும் வகைகள் பிடிக்கும் என்கிறார் டிப்ஸ். ஆச்சரியமாக இருக்கிறதே என்கிறார் எண்டிகாட்: அவையும் நீக்ரோவைப் போலத்தான், பராமரிக்க வேண்டும், ஊட்ட வேண்டும், பண்படுத்த வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வேலையாள் எலுமிச்சைச் சாறு கொண்டுவருகிறார். நிறவெறியை முரட்டு ஆசாமிகளிடம் மட்டும் தேடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி ஒரு பாடம் நடத்துகிறது. இங்கே அது பூ வளர்க்கிறது, பானம் கொடுக்கிறது.

டிப்ஸ் தன் வேலையைத் தொடங்குகிறார். செத்தவர் நேற்று இரவு இந்தக் குடிலுக்கு வந்தாரா என்று கேட்கிறார். தன்னை ஒரு கறுப்பன் விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்பது எண்டிகாட்டுக்கு உறைக்கிறது. பக்கத்தில் வந்து கன்னத்தில் அறைகிறார். அடுத்த நொடி, யோசிக்க இடைவெளியே இல்லாமல், டிப்ஸ் திருப்பி அறைகிறார்.

இந்த அறையைப் பற்றி ஒரு சர்ச்சை உண்டு. முதலில் எழுதியிருந்தபடி டிப்ஸ் அறையை வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டும், திருப்பி அடிக்காவிட்டால் நடிக்க மாட்டேன் என்று நான்தான் சொன்னேன் என்று பாய்ட்டியர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் படம் எடுப்பதற்கு வெகு முன்பே சிலிஃபன்ட் எழுதிய திரைக்கதையில் பதிலடி இருக்கிறது என்று திரை வரலாற்றாளர்கள் காட்டுகிறார்கள். நாவலில் அறையே இல்லை. என்னைக் கேட்டால், யார் யோசனை என்பதைவிட முக்கியமானது வேகம். அந்த அறை முடிவெடுத்துக் கொடுத்த அறை போல இல்லை. வட்டிகூடச் சேர விடாமல் அங்கேயே திருப்பிக் கொடுத்த கடன் போல இருக்கிறது. டிப்ஸ் ஒரு நொடி தயங்கியிருந்தால் அது வீரமாகிவிடும், வீரம் என்றால் விதிவிலக்கு. தயங்காததால் அது சாதாரணமாகிறது. தன்னை அடித்தவனைத் திருப்பி அடிப்பது ஒரு மனிதனுக்கு இயல்பு, அவ்வளவுதான் என்கிறது அந்த வேகம்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அறையை அல்ல, அதற்கு அப்புறம் வரும் அரை நிமிடத்தை. நான்கு முகங்கள் இருக்கின்றன. டிப்ஸின் முகம் இறுகியிருக்கிறது. எண்டிகாட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கில்லெஸ்பியைப் பார்க்கிறார்: நீ பார்த்தாயல்லவா? பார்த்தேன் என்கிறார் கில்லெஸ்பி. என்ன செய்யப் போகிறாய்? "தெரியவில்லை." ஸ்டைகர் அந்தச் சொல்லைச் சொல்லும் விதத்தில் ஒரு மனிதனின் முப்பது நாற்பது வருடப் பழக்கம் கையைவிட்டு நழுவுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். முந்தைய தலைமை அதிகாரியாக இருந்தால் அங்கேயே சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லியிருப்பார் என்று மேயர் பிறகு அவரிடமே சொல்கிறார். தெரிந்தும் கை எழவில்லை. நான்காவது முகம் தட்டோடு நிற்கும் கறுப்பு வேலையாள். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற இசைக்கலைஞர் அந்த வேடத்தில் வருகிறார். 'லிலிஸ் ஆஃப் தி ஃபீல்ட்' படத்தில் பாய்ட்டியர் பாடுவதாக வரும் பாட்டின் குரல் இவருடையதுதான். அதே படத்துக்காகத்தான் பாய்ட்டியருக்கு 1964இல் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. குரல் கொடுத்தவரும் குரல் வாங்கியவரும் இங்கே ஒரு முதலாளியின் குடிலுக்குள் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவர் கையில் தட்டு.

உன்னைச் சுட்டுக் கொல்ல வைத்திருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது என்கிறார் எண்டிகாட். எல்லோரும் போன பிறகு அழுகிறார். இரக்கப்பட வேண்டிய அழுகை இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணீரைப் படம் மறைக்கவில்லை, கேலியும் செய்யவில்லை.

பிறகு வருகிறது என் கணக்கில் படத்தின் மிக முக்கியமான திருப்பம். உயிருக்கு ஆபத்து, ஊரைவிட்டுப் போய்விடு என்று கில்லெஸ்பி சொல்ல, டிப்ஸ் கொதிக்கிறார். இன்னும் கொஞ்சம் நேரம் கொடு, அந்தப் பெரிய மனிதனை அந்தக் குன்றிலிருந்து கீழே இழுத்துக்காட்டுகிறேன் என்கிறார். கில்லெஸ்பி அவரை வியப்போடு பார்த்துவிட்டு, நீயும் எங்களைப் போலத்தான் இருக்கிறாய், இல்லையா என்கிறார். டிப்ஸ் ஆதாரத்தை வைத்து அல்ல, வெறுப்பை வைத்து எண்டிகாட்டைக் கொலைகாரனாக்க விரும்புகிறார். சாம் வுட் ரயில் நிலையத்தில் அவருக்குச் செய்ததை அவர் இன்னொருவருக்குச் செய்யப் பார்க்கிறார். பாய்ட்டியரின் முகத்தில் அந்தச் சொல் தைப்பது தெரிகிறது. பதில் வருவதில்லை. அந்தக் காலப் படங்களில் பாய்ட்டியருக்குக் கொடுத்த பாத்திரங்கள் பெரும்பாலும் குறையே இல்லாத மனிதர்கள். குறை இருக்க அவருக்கு அனுமதி கிடைத்த இந்த ஒரு நிமிடம்தான் டிப்ஸை உண்மையான ஆளாக்குகிறது.

அதே குறையை இதற்கு முன்பே கில்லெஸ்பி மோப்பம் பிடித்திருக்கிறார் என்பதும் வேடிக்கை. ஊரைவிட்டுக் கிளம்பும் டிப்ஸைத் தடுக்க ரயில் நிலையத்துக்கு வரும்போது அவர் கெஞ்சவில்லை. நீ எந்த வெள்ளைக்காரனையும்விடப் புத்திசாலி, அதை எங்களுக்குக் காட்டும் வாய்ப்பை விட்டுப் போக உன்னால் முடியாது என்கிறார். டிப்ஸின் கர்வம் எங்கே இருக்கிறதென்று தெரிந்து அங்கே கை வைக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இருவருடைய நடிப்பு முறையும் வெவ்வேறு பள்ளிக்கூடம். ஸ்டைகர் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பட்டறையிலிருந்து வந்தவர், பாத்திரத்துக்குள் கூடு விட்டுக் கூடு பாயும் வகை. 'தி பான்புரோக்கர்' படத்தில் நாஜி முகாமிலிருந்து தப்பி வந்த அடகுக்கடைக்காரராக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். கில்லெஸ்பி சூயிங்கம் மெல்ல வேண்டும் என்று ஜூவிசன் சொன்னபோது முதலில் அவருக்கு இஷ்டமில்லையாம். பிறகு அதையே ஆயுதமாக்கிக்கொண்டார். படத்தைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் தாடையை மட்டும் பார்த்தால்கூடக் கதை புரியும். தைரியமாக இருக்கும்போது சீராக மெல்கிறார், கோபத்தில் வேகம் கூடுகிறது, புதிதாக ஒன்று மூளைக்குள் நுழையும்போது தாடை நின்றுவிடுகிறது. மஞ்சள் கண்ணாடி, முன்தள்ளிய வயிறு, காலை அகட்டி நிற்கும் நிற்பு. கொஞ்சம் கூடிப்போகிற இடங்களும் உண்டு. ஆனால் தன்னைப் பற்றி நிச்சயமில்லாத ஒரு மனிதன் சத்தம் போட்டே காலம் தள்ளுவது எப்படி என்பதை இவ்வளவு விவரமாக யாரும் காட்டியதில்லை.

பாய்ட்டியர் கற்றது வேறு வழி. 1927இல் மியாமியில் பிறந்தாலும் வளர்ந்தது பஹாமாஸின் கேட் தீவில், தக்காளி பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில். பதினாறு வயதில் நியூயார்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஹார்லத்தின் அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரில் நடிப்புத் தேர்வுக்குப் போனபோது, தீவு உச்சரிப்பைக் கேட்டும் தட்டுத்தடுமாறி வாசித்ததைப் பார்த்தும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு ரேடியோ வாங்கி, அறிவிப்பாளர்கள் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினார். உணவகத்தில் ஒரு வயதான யூதப் பரிசாரகர் இரவு வேலை முடிந்து அவரோடு உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்படி உருவான குரல் அது. எந்த ஊரின் சாயலும் இல்லாத, ஒவ்வொரு எழுத்தும் கத்தரித்தாற்போல் வரும் ஆங்கிலம். டிப்ஸ் மிசிசிப்பியில் வாயைத் திறந்ததும் எல்லோருக்கும் ஏன் எரிச்சல் வருகிறது என்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் குரல்தான். என் பேச்சை வைத்து என்னை எங்கேயும் அடைக்க முடியாது என்கிற குரல்.

அவர் இந்தப் படத்தில் செய்வதெல்லாம் அடக்குவது. கைதாகும்போது கிட்டத்தட்டப் பேச்சே இல்லை. கண் மட்டும் வேலை செய்கிறது. பிணத்தைப் பரிசோதிக்கும் காட்சியில் ஒரு மருத்துவரின் நிதானத்தோடு விரல்களை அசைக்கிறார், சுற்றி நிற்கும் வெள்ளைக்காரர்கள் அந்தக் கறுப்புக் கைகளையே பார்க்கிறார்கள். கில்லெஸ்பி எவ்வளவு கத்தினாலும் அந்தச் சுவரில் மோதித்தான் எதிரொலிக்கிறது. சுவர் அசைந்தால் எதிரொலி ஏது?

இதில் ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லருக்கும் பங்கு உண்டு. அன்றைய ஹாலிவுட்டில் வெள்ளை முகங்களுக்காக அமைத்த வெளிச்சத்தையே கறுப்பு முகங்கள் மேலும் கொட்டினார்கள். தோல் பளபளத்து முகபாவம் காணாமல் போகும். வெக்ஸ்லர் பாய்ட்டியருக்கென்றே வெளிச்சத்தைக் குறைத்து அமைத்தார். வண்ணத்தில் எடுத்த ஒரு பெரிய ஹாலிவுட் படத்தில் ஒரு கறுப்பு நடிகரின் முகத்துக்காக யோசித்து ஒளியமைத்த முதல் படம் என்று இதைச் சொல்வதுண்டு. முகத்தால் மட்டும் பேசும் நடிகருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னணி இசை குவின்ஸி ஜோன்ஸ், தலைப்புப் பாடல் ரே சார்ல்ஸின் குரலில். இருவரும் கறுப்பர்கள். படத்தொகுப்பாளர் ஹால் ஆஷ்பி பின்னாளில் பேர்பெற்ற இயக்குநரானார்.

துணைப் பாத்திரங்களில் இரண்டு பெண்களை விட்டுவிட முடியாது. கணவன் செத்த செய்தியைக் கேட்கும் லீ கிரான்ட், பன்னிரண்டு வருடம் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் கிடந்து மீண்டவர். ஒரே ஒரு காட்சியில் கருக்கலைப்பு செய்யும் 'மாமா' (Mama, அம்மா) கலீபாவாக வரும் பியா ரிச்சர்ட்ஸ், சிறைக்குள் வெள்ளையர் கழிக்கும் காலம் வேறு, கறுப்பர் கழிக்கும் காலம் வேறு என்று டிப்ஸுக்குச் சொல்கிறார். கோட்டு போட்ட கறுப்பு அதிகாரியை அந்த ஊரின் கறுப்புப் பெண் எப்படிப் பார்க்கிறாள் என்பது அங்கேதான் தெரிகிறது. அதே வருடம் வேறொரு படத்தில் பாய்ட்டியரின் அம்மாவாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் இவர். கொலை மர்மம்? அது சுமார்தான். முடிச்சு அவசரமாக அவிழ்கிறது, குற்றவாளி யார் என்பது இரண்டாம் முறை பார்க்கும்போது ஞாபகம்கூட இருப்பதில்லை.

1967 பாய்ட்டியரின் வருடம். 'டு சர் வித் லவ்', இந்தப் படம், 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்' என்று மூன்றும் ஓடின. ஜூலையில் நியூவர்க்கும் டெட்ராய்ட்டும் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தப் படம் வந்தது. அறை விழும்போது கறுப்பு ரசிகர்கள் ஆரவாரம் செய்ததையும் வெள்ளை ரசிகர்கள் மூச்சை உள்ளே இழுத்ததையும் ஸ்டைகர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் செப்டம்பரிலேயே நாடகாசிரியர் கிளிஃபர்ட் மேசன், வெள்ளை அமெரிக்கா பாய்ட்டியரை ஏன் இவ்வளவு நேசிக்கிறது என்று நியூயார்க் டைம்ஸில் கேள்வி எழுப்பினார். குடும்பமில்லாத, காதலில்லாத, தன் இனத்தாரோடு சேராத, வெள்ளைக்காரர்களின் சிக்கலைத் தீர்த்துவைக்கவே பிறந்த நாயகன் என்பது அவர் போன்றவர்களின் குற்றச்சாட்டு. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் இந்தப் படத்தின் சமாதான முடிவை ஏளனம் செய்தார். பழைய காதல் படங்களின் கடைசி முத்தம் மாதிரி என்றார். இதில் உண்மை இருக்கிறது. டிப்ஸின் வீட்டை நாம் பார்ப்பதில்லை. கில்லெஸ்பியின் தனிமை படிந்த வீட்டைப் பார்க்கிறோம். யாருடைய கதை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

1968 ஏப்ரல் 8 அன்று நடக்க வேண்டிய ஆஸ்கர் விழா. ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார், ஜூவிசன் பஸ்ஸிலிருந்து இறங்கிய அதே மெம்ஃபிஸ். இறுதிச் சடங்குக்கு முன் விழா நடந்தால் வரமாட்டோம் என்று பாய்ட்டியர், சாமி டேவிஸ் ஜூனியர், லூயி ஆம்ஸ்ட்ராங், டயான் கரோல் சொல்லிவிட்டார்கள். விழா 10ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. சிறந்த நடிகர் விருதை வாங்கிய ஸ்டைகர், பாய்ட்டியரின் நட்புதான் தனக்கு இனவெறுப்பைப் புரியவைத்து இந்த நடிப்பை மெருகேற்றியது என்று நன்றி சொல்லி, "நாம் வெல்வோம்" என்ற இயக்கத்தின் பாடல் வரியோடு முடித்தார். மனமார்ந்த பேச்சு, சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள், அந்த நன்றியிலும் பாய்ட்டியர் ஒருவர் மாற உதவியவர்தான். மூன்று படங்களுக்கும் வாக்குகள் சிதறியதால்தான் அவர் பரிந்துரைக்கப்படவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அந்தக் கணக்கு முழுசாகப் போதவில்லை. நடிப்பு என்றால் மாற்றத்தைக் காட்டுவது என்றே விருதுக் குழுக்கள் நினைக்கின்றன. சூயிங்கம் கண்ணில் படுகிறது. அதை மெல்லாமல் எதிரே நிற்கிறவரின் உழைப்பு படுவதில்லை.

வழக்கு முடிகிறது. மீண்டும் அதே ரயில் நிலையம், இப்போது பகல். டிப்ஸின் பெட்டியைக் கில்லெஸ்பி தூக்கிக்கொண்டு வருகிறார். அந்தக் காலத்து அமெரிக்க ரயில் நிலையங்களில் வெள்ளைப் பயணிகளின் பெட்டியைக் கறுப்புப் போர்ட்டர்கள் தூக்குவார்கள். தலைகீழாக நடந்ததாக யாரும் கண்டிருக்க மாட்டார்கள். இதைப் படம் சுட்டிக்காட்டவில்லை, வசனத்தில் சொல்லவுமில்லை. ஒரு தடித்த போலீஸ்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், அவ்வளவுதான். ரயிலேறப் போகும்போது கூப்பிடுகிறார்: "விர்ஜில், உடம்பைப் பார்த்துக்கொள்." டிப்ஸ் சிரிக்கிறார்.

முன்பு கேலியாக உச்சரித்ததோடு சரி. பெட்டியைத் தூக்கிவந்த பிறகும் கில்லெஸ்பியின் வாயில் அந்த 'மிஸ்டர்' வரவில்லை.